வாங்கிய 58-ஆம் நாளில் காரின் எஞ்சின் சீஸ் (இறுகி நின்றுவிட்டது), வாரண்டி கிடையாது என்கிறார்கள்: என்ன செய்வது?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கினால் இப்படி வருகிறது. கோவையில் ஒரு பழைய கார் டீலரிடம் 2016 மாடல் டீசல் ஹேட்ச்பேக் ஒன்றை 4.85 லட்சத்துக்கு வாங்கினீர்கள். சென்னைப் பதிவெண், மீட்டரில் 82,000 கி.மீ. எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் ஆறு மாதம் அல்லது 7,500 கி.மீ. வாரண்டி என்று ஒரு கையேடும், முழுச் சோதனை செய்த வண்டி என்று ஒரு சான்றும் கொடுத்தார்கள். 58-ஆம் நாள், அதாவது 2,140 கி.மீ. ஓட்டியிருந்த நிலையில், பழனி போகும் வழியில் உடுமலைக்கு அருகே சிவப்பு விளக்கு எரிந்தது. கண்ணில் பட்ட ஒர்க்‌ஷாப் வரை 4 கி.மீ. ஓட்டிப் போனீர்கள். பானெட்டிலிருந்து ஆவி வந்தது, நிறுத்திய எஞ்சின் அதன்பின் சுற்றவே இல்லை. வாரண்டி நிறுவனம் ‘ஓவர்ஹீட், வாடிக்கையாளர் கவனக்குறைவு’ என்று வாட்ஸ்அப்பில் ஒரே வரியில் முடித்துவிட்டது. சர்வீஸ் சென்டர் 1.7 லட்சம் எஸ்டிமேட் போட்டு, எஞ்சினைப் பிரிக்கக் கையெழுத்துக் கேட்கிறது. டீலரோ ‘நம்ம பட்டறைக்குக் கொண்டு வாங்க, பாதிப் பாதி போட்டுக்கலாம்’ என்று போனில் சொல்கிறார். மறுக்க அவர்களுக்கு உரிமை உண்டா, பணம் திரும்ப வருமா என்பவை உங்கள் கேள்விகள்.

இரண்டுக்கும் பதில் வேறொரு கேள்வியில்தான் இருக்கிறது: கோளாறு தொடங்கியது நீங்கள் வாங்குவதற்கு முன்பா, பின்பா? அதற்கான சாட்சியம் கையேட்டில் இல்லை, எஞ்சினுக்குள் இருக்கிறது. எஞ்சினைப் பிரித்துக் கழுவி மேஜையில் அடுக்கிவிட்டால் அதில் பாதிக்கு மேல் அழிந்துவிடும். இப்படிப்பட்ட வழக்குகளில் தோற்பவர்கள் பெரும்பாலும் நுகர்வோர் ஆணையத்தில் தோற்பதில்லை. யாரும் பார்க்காமல் எஞ்சினைப் பிரிக்கச் சம்மதித்த அன்றே தோற்றுவிடுகிறார்கள். அதனால் அந்தக் கையெழுத்தை இன்று போடாதீர்கள். டீலரின் பட்டறைக்கு வண்டியை அனுப்பவும் வேண்டாம். அவர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அங்கே என்ன இருந்தது, என்ன மாறியது என்பதற்கு உங்களிடம் எந்தத் தாளும் இருக்காது.

வண்டி இப்போது இருக்கும் நிலையிலேயே சில விஷயங்களைப் பதிவு செய்ய வேண்டும். ஓடோமீட்டர், கூலண்ட் (எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) டப்பாவின் அளவு, ரேடியேட்டர் மூடியின் உட்புறம், ஆயில் டிப்ஸ்டிக், ஆயில் ஊற்றும் மூடியின் அடிப்பக்கம், ஹோஸ்கள், வண்டிக்கு அடியில் சொட்டு விழுந்த இடம் எல்லாவற்றையும் தேதி தெரிய வீடியோ எடுங்கள். யாரும் தண்ணீர் ஊற்றவோ ஸ்டார்ட் செய்யவோ கூடாது. சர்வீஸ் சென்டரின் ஜாப் கார்டில் ‘எஞ்சின் வேலை’ என்று மட்டும் எழுதியிருந்தால் போதாது. வண்டி வந்த தேதி, கி.மீ., கூலண்ட் அளவு, ஆயில் அளவு, வெளியே தெரியும் கசிவு, ‘எஞ்சின் பிரிக்கப்படவில்லை’ என்ற குறிப்பு ஆகியவற்றை எழுதிக் கேளுங்கள். பெரும்பாலான அட்வைசர்கள் கேட்டால் எழுதித் தருவார்கள்.

அடுத்து, வண்டியின் கணினியில் பதிவான பிழைகளைப் படிக்கும் ஸ்கேனர். பேட்டரியைக் கழற்றுவதற்கு முன்பே போட்டுவிட வேண்டும், ஏனென்றால் சில வண்டிகளில் பேட்டரி கழன்றால் நினைவில் இருப்பதில் ஒரு பகுதி போய்விடும். அது காட்டும் கோடுகளை (பிழைக் குறியீடுகளை) மட்டும் குறித்துக்கொண்டு நிறுத்திவிடாமல், கோடு விழுந்த நொடியில் எஞ்சின் இருந்த நிலையைக் காட்டும் ஃப்ரீஸ் ஃப்ரேம் பக்கத்தையும் அச்செடுத்துக் கேளுங்கள். கூலண்ட் வெப்பம், ஆர்பிஎம், வேகம் எல்லாம் அதில் இருக்கும். பி0217 என்பது அதிவெப்பத்துக்கான பொதுக் கோடு. இன்னொரு எண் இருக்கிறது, அதை யாரும் பார்ப்பதில்லை: ‘கோடுகள் அழிக்கப்பட்டபின் ஓடிய தூரம்’. உங்கள் வண்டியின் கணினி அதைத் தருமானால், அது 2,140-ஐ ஒட்டி, 2,160 அல்லது 2,200 என்று நின்றால், வண்டி உங்கள் கைக்கு வரும் தறுவாயில் யாரோ கோடுகளை அழித்திருக்கிறார்கள் என்று பொருள். இது சந்தேகத்தை வலுவாக்கும், ஆனால் தனியாக எதையும் நிரூபிக்காது. விற்பனைக்கு முந்தைய சர்வீஸில் கோடுகளை அழிப்பது வழக்கமான வேலைதான் என்று டீலர் சொல்வார், அதில் ஓரளவு நியாயமும் உண்டு. அப்போது நீங்கள் கேட்க வேண்டியது, எந்தக் கோடு இருந்தது, அதற்கு என்ன வேலை பார்த்தீர்கள் என்பதைத்தான்.

உங்களுக்குப் பாதகமான விஷயத்தையும் இப்போதே பேசிவிடலாம். விளக்கு எரிந்தபின் 4 கி.மீ. ஓட்டியது உண்மை. இதை மறைக்க முயலாதீர்கள். ஃப்ரீஸ் ஃப்ரேமிலோ ரோட்டோர மெக்கானிக் வாயிலாகவோ வெளியே வந்தால் உங்கள் மற்ற வார்த்தைகளையும் யாரும் நம்ப மாட்டார்கள். ஆனால் அந்த 4 கி.மீ. முழுக் கதையல்ல. வெப்பத்தை அளக்கும் சென்சார் கூலண்டுக்குள் மூழ்கியிருந்தால்தான் சரியாக அளக்கும். கூலண்ட் வடிந்து சென்சார் காற்றில் நின்றால், ஹெட் (எஞ்சினின் மேல்பகுதி) வெந்துகொண்டிருக்கும்போதும் அது குறைவாகவே காட்டும். விளக்கு தாமதமாக எரியும், சில சமயம் எரியாமலே போகும். மேலும், விளக்கு எரிந்தபின் ஓட்டியது சேதத்தைக் கூட்டியிருக்கலாம், ஆனால் கூலண்ட் ஏன் போனது என்பதற்கு அது விடையாகாது. வாரண்டி நிறுவனம் முதலாவதைச் சொல்லி இரண்டாவதை மூடப் பார்க்கிறது. 4 கி.மீ. ஓட்டியதற்காக இழப்பீட்டில் ஒரு பங்கைக் குறைக்க வாய்ப்பு உண்டு. முழுவதையும் மறுக்க அது மட்டும் போதாது என்பதே என் கணிப்பு.

இனி பிரிக்கும் வேலை. முதலில் டீலருக்கும் வாரண்டி நிறுவனத்துக்கும் ஒரே கடிதம் அனுப்புங்கள். இன்ன தேதியில், இன்ன இடத்தில், இன்ன நேரத்துக்கு எஞ்சின் பிரிக்கப்படும், உங்கள் தரப்பில் ஒருவரை அனுப்புங்கள், வராவிட்டால் தனி நிபுணர் முன்னிலையில் வீடியோ பதிவுடன் பிரிக்கப்படும் என்று அதில் இருக்க வேண்டும். ஏழு நாள் அவகாசம் கொடுங்கள். மின்னஞ்சலிலும் ஸ்பீடு போஸ்ட்டிலும் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். தனி நிபுணராக இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையத்தின் உரிமம் பெற்ற மோட்டார் சர்வேயர், பட்டயப் பொறியாளர், பொறியியல் கல்லூரியின் ஆட்டோமொபைல் துறை ஆசிரியர் ஆகியோரில் ஒருவரை அமர்த்தலாம். தெரிந்த மெக்கானிக் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அவருடைய கடிதத்துக்கு ஆணையத்தில் எடை குறைவு. நிபுணர் கட்டணம் சில ஆயிரங்கள் ஆகும். இந்த வழக்கில் நீங்கள் செய்யும் செலவுகளில் மிகப் பயனுள்ளது அதுதான்.

பிரிக்கும் வரிசை முக்கியம். ஹெட்டைக் கழற்றினால் கூலிங் அமைப்பை இனிமேல் சோதிக்க முடியாது. ஆகவே முதல் வேலை பிரஷர் டெஸ்ட். ரேடியேட்டர் மூடியில் எழுதியிருக்கும் அழுத்தத்துக்குக் கைப்பம்பால் ஏற்றி, எங்கே கசிகிறது என்று பார்க்க வேண்டும். ஹோஸா, வாட்டர் பம்ப்பா, ரேடியேட்டரின் பிளாஸ்டிக் ஓரமா, அல்லது வெளியே எங்குமே கசியாமல் அழுத்தம் மட்டும் இறங்குகிறதா? கடைசி வகை என்றால் கேஸ்கெட்டையோ (ஹெட்டுக்கு அடியில் இருக்கும் அடைப்புத் தகடு) ஹெட் விரிசலையோ சந்தேகிக்கலாம். அதோடு ரேடியேட்டர் ஃபேன் சுற்றுகிறதா என்று நேரடி மின்சாரம் கொடுத்துப் பார்த்து, அதன் பிளக்கையும் ரிலேயையும் படம் எடுக்க வேண்டும். பிறகு ஆயிலை ஒரு சுத்தமான கேனில் வடித்து, அதிலிருந்து கால் லிட்டரைப் புது பாட்டிலில் பிடித்து, மூடி ஒட்டி, வந்திருப்பவர்கள் கையெழுத்திட வேண்டும். கூலண்டில் மிச்சம் இருந்தால் அதையும் அப்படியே. எஞ்சின் ஆறியபின் கிராங்கை (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டை) ஸ்பேனர் போட்டுக் கையால் சுற்றிப் பார்க்கலாம். பிஸ்டன் பிடித்த எஞ்சின் ஆறியதும் விட்டுக்கொடுப்பது உண்டு. பேரிங் பிடித்தது பெரும்பாலும் விட்டுக்கொடுக்காது. சுற்றினால் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் எழும் அழுத்தம்) பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். இவ்வளவும் முடிந்தபின்தான் ஹெட்டில் ஸ்பேனர் வைக்க வேண்டும்.

ஹெட்டைத் தூக்கியதும் பார்க்க வேண்டியவற்றில்தான் உங்கள் வழக்கின் உயிர் இருக்கிறது. வண்டி சூடாகும் என்று முந்தைய உரிமையாளருக்கோ டீலருக்கோ தெரிந்திருந்தால் அதன் தடயம் எங்காவது இருக்கும். முதல் இடம் தெர்மோஸ்டாட், அதாவது வெப்பத்துக்கு ஏற்பக் கூலண்ட் ஓட்டத்தைத் திறந்து மூடும் வால்வு. சூடாகும் வண்டியில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிட்டு அது இருந்த கூட்டை (ஹவுசிங்) மட்டும் மூடிவிடுவது நம் ஊர்ப் பட்டறைகளில் வெகு சாதாரணம். அது இல்லை என்றால், இந்த வண்டி முன்பே சூடாகியிருக்கிறது என்பதற்கு அதைவிட நல்ல தடயம் கிடைக்காது. இந்த 58 நாளில் நீங்கள் அந்தப் பக்கம் யாரையும் கைவைக்க விடவில்லை என்று காட்டினால் போதும். இரண்டாவது, ஹெட்டின் தட்டைப் பரப்பு. ஏற்கெனவே லேத்தில் கொடுத்து ஃபேஸிங் போட்டிருந்தால் கருவிக் கோடுகள் தெரியும், ஹெட்டின் உயரமும் தயாரிப்பாளர் அளவைவிடக் குறைந்திருக்கும். கேஸ்கெட் கம்பெனி உருப்படியா, வெளி உருப்படியா, ஓரங்களில் சிலிகான் பேஸ்ட் பூசியிருக்கிறார்களா என்று பாருங்கள். மூன்றாவது, தண்ணீர் ஓடும் துவாரங்கள். கூலண்டுக்குப் பதில் வெறும் தண்ணீர் ஊற்றி ஓட்டிய எஞ்சினில் துருவும் சுண்ணாம்புப் படிவும் தடித்திருக்கும். அந்தத் தடிப்பு இரண்டு மாதத்தில் வராது. ரேடியேட்டரின் உள்ளே கசிவை அடைக்கும் பொடியின் பழுப்பு மிச்சம் இருந்தால் அதுவும் கேள்விக்குரியதே.

ஹெட் வளைந்திருப்பதை நேர்கோல் வைத்து, ஃபீலர் கேஜால் நீளம், அகலம், இரண்டு மூலைவிட்டம் எனப் பல கோடுகளில் அளந்து எண்ணாக எழுத வேண்டும். பெரும்பாலான அலுமினிய ஹெட்களுக்கு 0.05 முதல் 0.1 மி.மீ. வரைதான் அனுமதி. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஹெட் வளைந்திருப்பதும் பிஸ்டன் பக்கங்கள் உரசிக் கீறியிருப்பதும் எப்போது நடந்தது என்பதைச் சொல்லாது. கூலண்ட் இல்லாமல் சில நிமிடம் ஓடினாலே இரண்டும் வந்துவிடும். வாரண்டிக்காரர் இந்தப் படங்களைத்தான் காட்டி ‘பாருங்கள், ஓவர்ஹீட்’ என்பார். அது விளைவு. நீங்கள் தேடுவது காரணத்தை.

ஆயில் சொல்லும் கதை வேறு. உங்கள் எஞ்சினுக்கு 5டபிள்யூ-30 போட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அந்த ரகத்தின் கெட்டித்தன்மை 100 டிகிரியில் 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்ஸுக்குள் இருக்க வேண்டும். சோதனையில் 17, 18 என்று வந்தால் யாரோ 20டபிள்யூ-50 ரகத்தையோ கெட்டியாக்கும் மருந்தையோ ஊற்றியிருக்கிறார்கள். தேய்ந்த எஞ்சினின் தட்டல் சத்தத்தையும் புகையையும் விற்கும் வரை அடக்கி வைக்கச் செய்யும் வேலை அது. கூலண்ட் கலந்திருந்தால் சோடியமோ பொட்டாசியமோ ஏறிக் காட்டும். சம்ப்பை (எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டி) கழற்றும்போது ஆயில் பம்ப்பின் ஸ்ட்ரெய்னரை (சல்லடை) கழுவாமல் படம் எடுக்கச் சொல்லுங்கள். பேரிங் ஷெல்கள் எல்லாமே சீராகத் தேய்ந்து செம்பு தெரிந்தால் அது பல்லாயிரம் கி.மீ. தேய்மானம். ஒன்று மட்டும் நீலம் பாய்ந்து வெந்திருந்தால் அண்மைச் சேதம். இங்கே ஒரு சிக்கல் உண்டு. சம்ப்பில் தார் போலப் படிந்த கசடு 2,000 கி.மீ.யில் உருவாகாது என்பது உறுதி. ஆனால் அந்தக் கசடுதான் இந்த எஞ்சினைக் கொன்றது என்று சொல்லிவிட முடியாது. நிபுணர் அறிக்கை இரண்டையும் பிரித்து எழுதினால்தான் குறுக்கு விசாரணையில் நிற்கும். கழற்றிய ஒவ்வொரு பாகமும் பெயர்ச்சீட்டு ஒட்டிய பையில் உங்களிடமே வர வேண்டும். ‘பழைய பாகங்களை வாடிக்கையாளருக்குத் திருப்பித் தர வேண்டும்’ என்று ஜாப் கார்டிலேயே எழுதிவிடுங்கள்.

சென்னைப் பதிவெண் என்பதால் வெள்ளத்தையும் பார்த்துவிடுவது நல்லது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தண்ணீரில் நின்ற கார்கள் எங்கெங்கோ விற்கப்பட்டன. சீட்டுக்கு அடியில் இருக்கும் ரெயில், கார்ப்பெட்டுக்குக் கீழ் வயர்க் கட்டு, டேஷ்போர்டின் பின்புறம், ஸ்டெப்னி குழி இவற்றில் வண்டல் படிவைத் தேடுங்கள். ஃபேன் பிளக்கில் பச்சை பூத்திருந்தால் ஓவர்ஹீட்டுக்கான காரணமே அங்கே இருக்கலாம். தண்ணீர் உறிஞ்சிய எஞ்சினுக்கு இன்னொரு அடையாளம் உண்டு. கனெக்டிங் ராடு லேசாக வளைந்த சிலிண்டரில் பிஸ்டன் மற்றவற்றைப் போல மேலே வராது. நான்கையும் உச்சத்தில் நிறுத்தி டெப்த் கேஜால் அளந்தால் ஒன்று மட்டும் தாழ்ந்திருக்கும், அந்தச் சிலிண்டர் துளையின் மேல்விளிம்பில் கார்பன் பட்டை அகலமாக இருக்கும். அப்படி வளைந்த ராடு பல மாதம் ஓடிவிட்டுத் திடீரென்று முறிந்து பிளாக்கை உடைப்பதும் உண்டு.

காகிதத்திலும் தடயம் இருக்கிறது. அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் ஆர்சி நகலைக் காட்டி முழு சர்வீஸ் ஹிஸ்டரி கேளுங்கள். எந்தத் தேதியில் எத்தனை கி.மீ. என்பது வரிசையாக வரும். 2021-இல் 1,10,000 ஓடிய வண்டி உங்களிடம் 82,000-இல் வந்திருந்தால், எஞ்சினைப் பற்றிப் பேசாமலே வழக்கில் பாதி முடிந்துவிட்டது. பழைய இன்சூரன்ஸ் பாலிசியில் நோ கிளெய்ம் போனஸைப் பாருங்கள். தொடர்ந்து இன்சூரன்ஸ் கட்டி, ஒரு கிளெய்மும் செய்யாத வண்டிக்கு அது 20, 25, 35, 45 என்று ஏறி 50 சதவீதத்தில் நிற்கும். இந்த வயது வண்டிக்குச் சுழி அல்லது 20 என்றால் அண்மையில் பெரிய கிளெய்ம் நடந்திருக்கலாம். பாலிசி முடிந்து 90 நாளுக்கு மேல் புதுப்பிக்காமல் விட்டாலும், இடையில் உரிமையாளர் மாறியிருந்தாலும் போனஸ் போய்விடும் என்பதால் இதை உறுதியான சான்றாக எடுக்காமல், விசாரிக்க வேண்டிய இடமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது வாரண்டி கையேட்டுக்கு வருவோம். மறுப்பை வாட்ஸ்அப் வரியாக ஏற்காதீர்கள். எந்த எண்ணுள்ள ஷரத்தின் கீழ், எந்த ஆய்வின் அடிப்படையில் மறுக்கிறீர்கள் என்று எழுத்தில் கேளுங்கள். வண்டியைப் பார்க்காமலே மறுத்திருந்தால் அந்தப் பதிலே உங்களுக்குச் சாதகம். இந்தக் கையேடுகளில் ‘எஞ்சின் கவர்’ என்று முகப்பில் இருக்கும். உள்ளே போனால் ஆயிலில் நனையும் உட்பாகங்கள் மட்டும், ரேடியேட்டர், ஹோஸ், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட் எல்லாம் விலக்கு, விலக்கப்பட்ட பாகத்தால் வந்த சேதமும் விலக்கு என்று இருக்கும். உங்கள் மறுப்பு இந்தக் கடைசி வரியிலிருந்து வந்திருக்க வாய்ப்பு அதிகம். ஒரு கிளெய்முக்கு உச்சவரம்பும் சிறிய எழுத்தில் இருக்கலாம், பாருங்கள். மறுப்புக் கடிதத்தில் ‘வாங்குவதற்கு முன்பே இருந்த கோளாறு’ என்று வந்தால் வருந்த வேண்டாம். வாரண்டி நிறுவனத்திடம் நீங்கள் தோற்கலாம். ஆனால் முழுச் சோதனை செய்த வண்டி என்று சான்று கொடுத்து விற்ற டீலருக்கு எதிராக உங்களுக்குக் கிடைக்கக்கூடிய மிகச் சிறந்த ஆவணம் அதுதான். ஒருவர் ‘முன்பே இருந்தது’ என்கிறார், இன்னொருவர் ‘நீங்கள் கெடுத்தீர்கள்’ என்கிறார். இரண்டும் ஒருசேர உண்மையாக இருக்க முடியாது. ஆகவே வழக்கில் இருவரையும் சேர்த்தே எதிர்த்தரப்பாக்க வேண்டும். ஒருவரை விட்டுவிட்டால் மற்றவர் பழியை இல்லாதவர் மேல் போட்டுவிடுவார்.

சட்டத்தில் உங்கள் இடம் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். சொந்த உபயோகத்துக்கு வாங்கிய பழைய காரும் அதற்குள் வரும். போதிய சோதனையின் அடிப்படை இல்லாமல் ஒரு பொருளுக்கு உத்தரவாதம் கொடுப்பது பிரிவு 2(47)-இன்படி முறையற்ற வணிக நடைமுறை. சோதனைச் சான்றிதழின் நகலையும், அன்று கம்ப்ரஷன் பார்த்தார்களா, ஸ்கேனர் போட்டார்களா என்பதையும் கேட்டு எழுதுங்கள். பெரும்பாலான ‘நூற்றுச் சொச்சம் அம்சச் சோதனை’கள் கண்ணால் பார்த்து டிக் அடித்தவைதான். நீங்கள் கொடுத்த விலை 50 லட்சத்துக்குள் என்பதால் மாவட்ட ஆணையம். பிரிவு 34-இன்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம். வழக்கு பெங்களூருவிலோ டெல்லியிலோதான் என்று கையேட்டில் எழுதியிருந்தாலும் பயப்பட வேண்டாம். மத்தியஸ்த ஷரத்தும் நுகர்வோர் ஆணையத்தின் கதவை மூடிவிடாது. கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் கிடையாது. வழக்குப் போடக் காலவரம்பு இரண்டு ஆண்டு. ஒரு நுணுக்கம்: கையேட்டின் ஷரத்துகள் நியாயமற்றவை என்பதை மட்டும் வைத்து, ‘நியாயமற்ற ஒப்பந்தம்’ என்ற தலைப்பில் போட்டால் அது மாநில ஆணையத்தின் எல்லைக்குப் போய்விடும். பொருளில் குறைபாடு, சேவைக் குறைபாடு, முறையற்ற வணிக நடைமுறை என்றே எழுதுங்கள்.

வழக்குக்கு முன் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். பெரிய டீலர்களும் ஆன்லைன் நிறுவனங்களும் அதற்குப் பதில் சொல்கிறார்கள். சிறு டீலர்கள் கண்டுகொள்வதில்லை. அதன்பின் 15 நாள் அவகாசத்துடன் ஒரு நோட்டீஸ். வக்கீல் நோட்டீஸ் சட்டப்படி கட்டாயமில்லை, ஆனால் சமரசத்தில் முடியும் வழக்குகள் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் முடிகின்றன. மனுவை நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி இணையதளத்தில் நீங்களே பதியலாம். நிபுணர் அறிக்கையைப் பிரமாணப் பத்திரத்துடனும், வாட்ஸ்அப் உரையாடல், வீடியோ போன்றவற்றைப் பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் (புதிய சாட்சியச் சட்டம்) பிரிவு 63 கேட்கும் சான்றிதழுடனும் இணையுங்கள். குறைபாட்டை நிரூபிக்கும் பொறுப்பு புகார் கொடுத்தவருடையது என்று உச்ச நீதிமன்றம் 2021-இலும் சொல்லியிருக்கிறது. நிபுணர் அறிக்கை இல்லாமல் போகாதீர்கள் என்று நான் இவ்வளவு வற்புறுத்துவது அதனால்தான்.

என்ன கிடைக்கும் என்பதில் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். புது கார் சம்பந்தப்பட்ட மாருதி உத்யோக் வழக்கிலேயே 2006-இல் உச்ச நீதிமன்றம், வாரண்டி என்பது கெட்ட பாகத்தைச் சரிசெய்வதற்குத்தான், முழு வண்டியையும் மாற்றித் தருவதற்கு அல்ல என்றது. ஆகவே மீட்டரைக் குறைத்ததோ வெள்ளத்தை மறைத்ததோ நிரூபணமானாலொழிய 4.85 லட்சமும் திரும்ப வரும் என்று நினைக்காதீர்கள். நியாயமாகக் கேட்கக்கூடியது ரிப்பேர் செலவு, ரெக்கவரி வண்டி, நிபுணர் கட்டணம், வட்டி, ஓரளவு மன உளைச்சல் தொகை, வழக்குச் செலவு. வழக்கை முடிக்கச் சட்டம் சொல்லும் காலவரம்பு மூன்று மாதம், பொருளைச் சோதிக்க வேண்டியிருந்தால் ஐந்து மாதம். நடைமுறையில் ஓராண்டு, இரண்டாண்டு ஆகலாம். அதனால் டீலரின் ‘பாதிப் பாதி’யை முகத்தில் அடித்தாற்போல் மறுக்கவும் வேண்டாம். நிபுணர் அறிக்கை கைக்கு வந்தபின் பேசுங்கள். தெர்மோஸ்டாட் இல்லாதது, ஃபேஸிங் போட்ட ஹெட் மாதிரி ஏதாவது கிடைத்தால் முழுச் செலவுக்குக் குறைந்து ஒத்துக்கொள்ள வேண்டியதில்லை. பழைய தடயம் எதுவுமே இல்லாமல் ஒரு ஹோஸ் மட்டும் புதிதாக வெடித்திருந்தால், உங்கள் 4 கி.மீ.யையும் கணக்கில் வைத்து, பாதிக்குச் சம்மதிப்பது புத்திசாலித்தனம். எதற்கு ஒத்துக்கொண்டாலும் என்னென்ன பாகம் மாற்றப்படும், வேலைக்கு எத்தனை மாத உத்தரவாதம் என்று எழுத்தில் வாங்குங்கள். வண்டியை எடுத்து ஆயிரம் கி.மீ.யாவது ஓட்டிப் பார்க்காமல் ‘இனி எந்தக் கோரிக்கையும் இல்லை’ என்ற தாளில் கையெழுத்து வேண்டாம்.

இதையெல்லாம் சொல்லும்போது ஒன்றை அனுமானித்துக்கொண்டேன்: விற்றவர் டீலர்தான் என்று. பில்லும் பணம் போன கணக்கும் அவர் பெயரில் இருக்கிறதா என்று பாருங்கள். ‘நான் வெறும் புரோக்கர், விற்றவர் பழைய ஓனர்’ என்பது இந்தத் தொழிலில் கடைசியாக வரும் தற்காப்பு. ஆர்டிஓ அங்கீகாரம் பெற்ற டீலராக இருந்தால், 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள விதிகளின்படி வண்டியைக் கையில் வாங்கும்போதே படிவம் 29சி மூலம் தெரிவித்திருக்க வேண்டும். அங்கீகாரமே இல்லாதவர் என்றால் பணம் பெற்ற ரசீது, விளம்பரம், வாரண்டி கையேட்டில் உள்ள முத்திரை இவற்றை வைத்து அவரை விற்பனையாளராகக் காட்ட வேண்டும். நேரடியாக ஒரு தனிநபரிடம் வாங்கியிருந்தால் நுகர்வோர் ஆணையம் பெரும்பாலும் உதவாது. மறைத்து விற்றார் என்று சிவில் நீதிமன்றத்துக்கோ, செலவில்லாமல் பேசி முடிக்க மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கோ போக வேண்டியிருக்கும்.

மிச்சமுள்ள சில்லறை விஷயங்கள். வண்டிக் கடனின் தவணையை நிறுத்தாதீர்கள், வங்கிக்கு இந்தத் தகராறில் பங்கில்லை. உங்கள் மோட்டார் இன்சூரன்ஸ் இயந்திரக் கோளாறுக்குப் பணம் தராது. எஞ்சின் பாதுகாப்பு ஆட்-ஆன் இருந்தால் அதன் வாசகத்தை ஒருமுறை படித்துப் பாருங்கள். சர்வீஸ் சென்டரில் நாள் வாடகை ஓடுகிறதா என்று கேட்டு, ஆய்வு முடிந்ததும் வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். தீர்ப்பு வரும்வரை வண்டியை நிறுத்தி வைக்க வேண்டிய அவசியமும் இல்லை. ஆய்வு முடிந்து, நோட்டீஸ் போய், பாகங்கள் பத்திரமாக இருந்தால், நீங்களே ரிப்பேர் செய்து பில்லைக் கோரிக்கையில் சேர்க்கலாம். சென்னை புதுப்பேட்டையில் பழைய எஞ்சினோ பிளாக்கோ வாங்கிப் போட முடிவு செய்தால் விற்பவரிடம் பில் வாங்குங்கள், எஞ்சின் எண் மாறுவதை ஆர்டிஓவில் தெரிவித்து ஆர்சியில் ஏற்றுங்கள். கழற்றிய பழைய பிளாக்கை வழக்கு முடியும்வரை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.